ஒரே வரி, மூன்று வாசகர்கள்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக சர்வர் நிர்வாகத்தில் இருக்கிறேன். கைக்கு உதவும் கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வருகிறேன். ஆயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. போன வாரம் அதிலிருந்து ஒரு வரியை எடுத்தேன். தளத்தின் அடைவை டார் என்னும் தொகுப்புக் கோப்பாகக் கட்டி, பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்கும் வரி. டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன், கோப்பு வந்தது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேபில் அதை இரவுதோறும் ஓடும்படி அப்படியே ஒட்டினேன். மூன்று இரவுகளாகக் கோப்பு இல்லை. வரியின் கடைசியில், பிழைகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவுக் கோப்பே உருவாகவில்லை. கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் 'பாத்' மாறிதான் காரணம் என்றார் நண்பர். கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுத்தும் பயனில்லை. இப்படிச் சேர்த்துவைப்பதே வீண் வேலையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரின் ஊகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கிரான் உங்கள் லாகின் அமைப்புகளைப் படிப்பதில்லை; அதன் பாத் மாறியில் பெரும்பாலும் இரண்டு மூன்று அடைவுகளுக்கு மேல் இருக்காது. நானும் முதலில் அங்கேதான் பார்ப்பேன். ஆனால் பதிவுக் கோப்பே உருவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அங்கே இருக்கிறது. பாத் கோளாறாக இருந்தால், கட்டளை கிடைக்கவில்லை என்ற புலம்பலாவது அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கும்.

தேதியின் வடிவத்தைச் சொல்ல ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி ஓர் எழுத்தும் போட்டிருப்பீர்கள். கிரான்டேபில் சதவீதக் குறிக்கு 'வரி இங்கே முடிகிறது' என்று பொருள். முதல் குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கிரான் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டிவிடும். ஆகவே கட்டளையைப் படித்து ஓட்டும் ஷெல்லின் கைக்குப் போனது பாதி வரி: தேதிக்காகத் திறந்த அடைப்புக்குறி மூடப்படாமலே நிற்கிறது. ஷெல் அதை ஓட்டவே மறுத்திருக்கும். பதிவுக் கோப்பில் எழுதச் சொன்ன பகுதியோ வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஷெல்லின் கண்ணிலேயே படவில்லை. பிழைச் செய்தியைக் கிரான் உங்களுக்கு அஞ்சலாக அனுப்பப் பார்த்திருக்கும். அஞ்சல் அனுப்பும் நிரல் இல்லாத சர்வரில் அது போய்ச் சேர வழியில்லை.

ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போடுங்கள், ஓடும். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். வரியை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்துவிட்டு, கிரான்டேபிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் அழைப்பேன். நாளை நீங்கள் கிரானை விட்டு, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறினாலும் அதே கோப்பு உதவும். அங்கே சதவீதக் குறிக்கு மூன்றாவதாக ஒரு பொருள். வெறும் சதவீதக் குறி வேண்டுமென்றால் இரண்டு முறை எழுத வேண்டும். போதாததற்கு, அந்த வரியை ஷெல் படிப்பதே இல்லை. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்க் குறி, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவது எல்லாம் அங்கே வெறும் எழுத்துகள்.

ஆக, உங்கள் வரியில் தவறில்லை. அதைப் படிப்பவர் மாறிவிட்டார்.

இதை நான் வேறு விதமாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடவுச்சொல் கொண்டு உள்ளே நுழைவதைத் தடுக்கும் வரியை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்பில், எல்லாவற்றுக்கும் கடைசியில் சேர்த்திருந்தேன். பல மாதங்கள் கதவு பூட்டியிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பில் ஒரே அமைப்பு இருமுறை வந்தால் முதலில் வருவதுதான் செல்லும். மேலே இணைக்கப்பட்டிருந்த ஒரு சிறு கோப்பு 'அனுமதி' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. நானோ, நிர்வாகி உரிமையோடு யார் எந்தக் கட்டளையை ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் பழகிய கை. அங்கே கடைசியாகப் பொருந்தும் வரிக்குத்தான் மதிப்பு. இரண்டு கோப்புகளும் /etc அடைவுக்குக் கீழேதான் குடியிருக்கின்றன, வழக்கம் மட்டும் தலைகீழ்! எஸ்எஸ்ஹெச்டி கட்டளைக்கு ஹைஃபனும் சிறிய டியும் கொடுத்தால் கோப்பில் பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும். பெரிய டி கொடுத்தால், இறுதியில் எந்த மதிப்பு நிற்கிறது என்பதை வரிசையாகக் காட்டும். நான் சிறிய டியோடு திருப்தி அடைந்திருந்தேன்.

சேர்த்துவைப்பது வீணல்ல. வரியை மட்டும் சேர்ப்பதுதான் சிக்கல். ஒவ்வொரு துணுக்குக்கும் மேலே, இதைப் படிக்கப்போவது ஷெல்லா, கிரானா, சிஸ்டம்டியா என்று எழுதுங்கள். கோப்பில் எந்த இடத்தில் ஒட்டியது, வேலை செய்தது என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அந்த விவரம் நினைவில்லாத வரிகளை நீக்கிவிடலாம். ஆயிரம் இருநூறாகக் குறைந்தால் வருந்த வேண்டாம். யாரும் படிக்கவும் எழுதவும் ஓட்டவும் விடும் அனுமதி எண் 777 கொண்ட வரி ஏதாவது இருந்தால் யோசிக்காமல் அதில் தொடங்குங்கள்.

திருத்தப் போகும் முன் ஒன்று. கிரான்டேப் கட்டளையோடு ஹைஃபன் போட்டுக் கொடுத்தால், பட்டியலைத் திருத்தத் திறக்கும் எழுத்து இ. விசைப்பலகையில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆர், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முழுப் பட்டியலையும் அழித்துவிடும். முதலில் பட்டியலைக் காட்டும் எல் கொடுத்து, வருவதை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.