விலங்குகளின் கண் அமைப்பைப் பார்த்துப் பாதுகாப்புக் கண்ணாடி வடிவமைக்க முடியுமா?

முடியும். இப்படிக் கேட்டால் பலரும் முதலையின் மூன்றாவது இமையை, அதாவது தண்ணீருக்குள் கண்ணை மூடிக் காக்கும் ஒளிபுகும் சவ்வைத்தான் சொல்வார்கள். ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் நானும் அதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் எனக்கு உதவியது பாம்பு.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் ஹேண்ட் கிரைண்டர் பிடிக்கிறேன். எங்கள் கண்ணாடி பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக். சில்லு தெறித்து அது உடைந்து நான் பார்த்ததில்லை. கீறல்தான் தொல்லை. கல்லில் உள்ள குவார்ட்ஸ் அதைவிட ரொம்பக் கடினம்; சட்டை நுனியால் துடைப்பதே உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பத்தே நாளில் மங்கிவிடும், வெட்டுக்கோடு தெரியாது, கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். அப்படி ஏற்றிவிட்டு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கண்ணிலிருந்து தூசி எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

ஒருநாள் கழிவுக் கல் குவியலில் சாரைப்பாம்புச் சட்டை கிடந்தது. தலைப்பக்கம் கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை, வட்டமாக, தெளிவாக இரண்டு செதில்கள். பாம்பு இமைக்காது. கருவிலேயே இமைகள் ஒன்றாக ஒட்டி, கண்ணுக்கு மேல் கண்ணாடி மூடிபோல் ஆகிவிடுகின்றன. அதில் எத்தனை கீறல் விழுந்தாலும் சட்டையோடு கழன்றுபோகும், அடியில் புதியது தயாராக இருக்கும்.

சரி என்று, லென்ஸின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரித்துப் பார்த்தேன். முதலில் விளிம்பு வழியாகக் கல் சேறு புகுந்தது. தாளை லென்ஸைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, ஓரத்தை ஃபிரேமுக்குள் செருகி, உரிக்க ஒரு காது மட்டும் வெளியே விட்ட பிறகு சரியானது. (பைக் பந்தயக்காரர்கள் ஹெல்மெட்டில் இதை எப்போதோ செய்துவிட்டார்களாம். பெருமை போச்சு!) ஒன்று மட்டும் கவனம்: சில்லின் அடியைத் தாங்கும் லென்ஸை எடுத்துவிடவோ திருத்தவோ கூடாது, தாள் கீறலுக்கு மட்டும்தான்.

மூச்சு ஆவி படிவதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. காற்றுத் துளை போட்டால் தூசியும் வருகிறது. இமை முடியின் நீளம் கண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தூசி படிவது பாதிவரை குறையும் என்று 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பாலூட்டிகளை அளந்து சொன்னார்கள். அதை நம்பி, துளை ஓரத்தில் பெயின்ட் பிரஷ் முடியை ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கக் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறேன் என்று பட்டறையே சிரிக்கிறது.