அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால்…

கேள்வி: என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். தெருமுனை பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்து, 1,500 ரூபாய் கட்டி, அமைந்தகரையில் அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'சௌந்தரராஜன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு 'ஏ' விட்டுப்போயிருக்கிறது. அவள் பிறந்தது வேலூரில், என் அம்மா வீட்டில் இருந்தபோது. அதுவும் சென்னை என்று விழுந்திருக்கிறது. புதிதாக விண்ணப்பம் போட்டு மறுபடி பணம் கட்டச் சொல்கிறார் சென்டர்காரர். 3,000 கொடுத்தால் உள்ளே சொல்லித் திருத்தித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். பொய்த் தகவல் என்று கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அந்த ஆளிடம் மகளின் பாஸ்வேர்டையோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யையோ சொல்லவும் வேண்டாம். அவர் செய்து தருவதாகச் சொல்லும் வேலையை உங்கள் மகளே பாஸ்போர்ட் சேவை மையத்தில் காசில்லாமல் செய்துகொள்ளலாம்.

சாலிகிராமம் சேவை மையத்துக்குப் பக்கத்தில் படிவம் நிரப்பித் தரும் கடை வைத்திருப்பவள் நான். பதறிப்போய் வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான்: விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகே நிதானமாகப் படித்திருப்பார்கள். சமர்ப்பித்துவிட்டால் இணையதளத்தில் திருத்த முடியாது, உண்மைதான். ஆனால் சேவை மையத்தில் 'ஏ' கவுன்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. போட்டோ எடுப்பது, விரல்ரேகை பதிவது, ஆவணங்களை ஸ்கேன் செய்வது எல்லாம் அங்கேதான். எழுத்துப்பிழை, பிறந்த ஊர் போன்றவற்றை, கையில் சான்று இருந்தால், அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். அதனால் இரண்டாவது விண்ணப்பம் வேண்டாம். கட்டிய பணமும் அப்பாயின்ட்மென்ட்டும் இந்த விண்ணப்ப எண்ணோடுதான் சேர்ந்திருக்கின்றன.

பெரியவர்கள் விண்ணப்பித்தால் துணைக்குப் போகிறவர்களைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. நீங்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும், மகள்தான் பேசியாக வேண்டும். உட்கார்ந்ததுமே, "இரண்டு இடத்தில் திருத்தம் இருக்கு" என்று சொல்லிவிடட்டும். போட்டோ எடுத்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவு செய்த விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்காது. ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்கட்டும். அடுத்து 'பி', 'சி' கவுன்ட்டர்களில் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். ஆவணம் பார்ப்பதும் முடிவு சொல்வதும் அவர்கள் வேலை. பிழை அவர்கள் வரை போகாமல் 'ஏ' கவுன்ட்டரிலேயே சரியாகிவிட்டால் அலைச்சல் இல்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகளின் பெயரை எப்படிப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள்? பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் சர்நேம் இடத்துக்குப் போகும். அப்படி எழுதியிருந்தால் 'சௌந்தரராஜன்' அந்தப் படிவத்தில் இரண்டு முறை வரும். ஒன்றில் 'ஏ' இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால், முன்பக்கத்தில் ஒரு மாதிரியும் பெற்றோர் பெயர் இருக்கும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு மாதிரியும் அச்சாகி வந்துவிடும். நாளைக்கு விசாவுக்கு நிற்கும்போது அந்த ஓர் எழுத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கே இரண்டு இடத்தையும் பாருங்கள்.

அப்புறம், எது சரியான எழுத்து என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், உங்கள் கணவரின் பான் கார்டு மூன்றையும் மேசைமேல் பரப்பி வைத்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒன்றுபோல இருந்தால் கவலையே இல்லை. ஆதாரில் மட்டும் வேறாக இருந்தால், அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போட்டு ஆதாரைத் திருத்திவிட்டுப் போவதுதான் நல்லது. தேதியை மாற்றிக்கொள்ள இணையதளத்திலேயே வழி இருக்கிறது. கட்டிய பணம் ஒரு வருடம் வரை செல்லும்.

பிறந்த ஊர் வேலூர் என்று காட்ட, சேவை மையத்துக்குப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அசலும், மகள் கையெழுத்துப் போட்ட நகலும் வேண்டும். வீட்டு முகவரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போலீஸ் விசாரணை அந்த முகவரியை வைத்துத்தான் நடக்கும், கதவு எண் மாறியிருந்தால் வீண் தாமதம்.

கேஸ் பயம் வேண்டாம். 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் தண்டனை இருப்பது நிஜம். ஆனால் அது தெரிந்தே பொய் சொல்பவர்களுக்கும், சொல்ல வேண்டியதை மறைப்பவர்களுக்கும். ஓர் எழுத்து விட்டுப்போனதை நீங்களே போய்ச் சொல்வது அதில் வராது. முன்பே பாஸ்போர்ட் எடுத்திருந்து அதை மறைப்பது வேறு விஷயம், அதை யாரும் செய்யக் கூடாது.

கேள்வி: பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பிழையைப் பார்த்தேன். திருத்த முடியுமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: அந்தப் புத்தகத்திலேயே திருத்தித் தர மாட்டார்கள். விவர மாற்றம் என்று குறிப்பிட்டு மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்டி, புதுப் புத்தகம்தான் வாங்க வேண்டும். ஆனால் அதற்கு முன், நீங்கள் சமர்ப்பித்த படிவத்தையும் சேவை மையத்தில் தந்த ஒப்புகைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் சரியாக இருந்து அச்சில் மட்டும் தவறியிருந்தால், பணம் கட்டிவிடாமல், அந்தத் தாள்களோடு அண்ணா சாலை ராயலா டவர்ஸில் உள்ள மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள். போவதற்கு முன் விவரம் கேட்க 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.