படம் கேட்காதீர்கள்

அன்புள்ள அண்ணா,

மகளுக்கு வருகிற மாதம் பத்து வயது. கொண்டாட்டக் காசில் ஊரில் இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் கொப்பியும் கொடுக்க நினைத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கச் சேவை அமைப்போடு கதைத்தேன். கொடுக்கும்போது எடுத்த படங்களை அனுப்பச் சொன்னேன். பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை என்றார்கள். கணக்குக் காட்டப் பயமா? மதம் மாற்றத்தானே இவர்கள் உதவுகிறார்கள் என்கிறார் கணவர். இந்தச் சேவைகள் எப்படித் தொடங்கின? நம்பி அனுப்பலாமா?

சு., ரொறன்ரோ

அன்புள்ள தங்கச்சி,

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் என் முகநூல் முழுக்க அந்தப் படங்கள்தான். ஒரு பையை நாலு பெரியவர்கள் பிடித்திருப்பார்கள். நடுவில் ஒரு பிள்ளை தலை குனிந்து நிற்கும். அதை எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

கணவருக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. மிஷன் காலத்தில் பள்ளிக்கூடமும் ஞானஸ்நானமும் சேர்ந்து வந்தது உண்மை. போர்க்காலத்தில், 1995 ஜூலை 9 யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்த அன்று, அங்கே ஒதுங்கியிருந்த சனத்தைச் சமயம் கேட்காமலேதான் உள்ளே விட்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

வரலாறு என்றால் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த திருக்குடும்பக் கன்னியரைச் சொல்லலாம். ஜெர்மனியில் 1897இல் வெர்ட்மன் என்ற குருவானவர் தொடங்கிய கரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி அமைப்பைச் சொல்லலாம். நம் யாழ் மறைமாவட்டத்தின் சேவை நிறுவனமான கியூடெக் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தது வின்சென்ட் டி போல் சபை. 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவனும் நண்பர்களும் தொடங்கியது. ஏழை வீட்டுக்குள் எப்படிப் போகவேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி. இருவர் இருவராகப் போவார்கள். போன வீட்டுக் கதையை வெளியே சொல்லமாட்டார்கள்.

எண்பதுகளில் கடலுக்குப் போகத் தடை. ஐயாவின் வலை கொட்டிலில் தொங்கியபடி கிடந்தது. ஒரு மைமல் பொழுதில் இரண்டு பேர் ஒரே சைக்கிளில் வந்தார்கள். வாங்கில் இருந்து, அம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து, ஐயாவோடு மீன்பாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகுதான் அம்மா கதவுக்குப் பின்னால் ஒரு பனையோலை உமலைக் கண்டார். அரிசி, பருப்பு, அடியில் ஒரு கடித உறை. அடுத்த கிழமையும் வந்தார்கள். அதில் ஒருவர் என் வகுப்பு வாத்தியார். மறுநாள் கணக்குப் பிழைத்ததற்கு எனக்கும் மற்றவர்களைப் போலவே அடி விழுந்தது. அந்த அடியில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குப் புரியுமா?

1996இல் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு வேறொரு அமைப்பு அக்காவின் மகளுக்கு ஒரு பை கொடுத்தது. படம் சரியாக விழவில்லையாம். பையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை, தன்னிடமிருந்து பையைப் பறிக்கிறார்கள் என்று நினைத்து அழுதது. அந்த அழுகையோடுதான் படம் எடுத்தார்கள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பையின் நிறத்தை இன்றைக்கும் சொல்வாள்.

தங்கச்சி, உங்கள் மகளின் வகுப்பில் ஒருவர் வந்து, இந்தப் பிள்ளைக்கு வசதியில்லை என்று எல்லோருக்கும் முன்னால் படம் பிடித்தால் விடுவீர்களா? பள்ளிக்கூடத்துக்கு எதிராக வழக்கே போட்டிருப்பீர்கள். ஊர்ப்பிள்ளைக்கு மட்டும் முகம் இல்லையா? கணக்கு வேறு, படம் வேறு. கணக்குக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்: கடைப் பற்றுச்சீட்டு, அதிபரின் கடிதம், அமைப்பின் கணக்காய்வு அறிக்கை. காசு தருகிறவருக்கு அந்த உரிமை உண்டு. கையெழுத்துப் போட்ட தாள் சொல்லாத எதை அந்தப் பிள்ளையின் முகம் உங்களுக்குச் சொல்லப் போகிறது?

கோயில்காரருக்கும் சொல்ல இருக்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று பிரசங்கம் வைத்துவிட்டு, வெளியே வந்தால் மதிலில் கொடையாளியின் படம் போட்ட பதாகை தொங்குகிறது. கழற்றுங்கள் சுவாமி.

சரி, அனுப்பலாமா என்று கேட்டீர்கள். படம் எடுக்கமாட்டோம் என்று சொன்னவர்களுக்கே அனுப்புங்கள். பையோடு சப்பாத்தும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இப்போது பெற்றோரை முறிப்பது சப்பாத்து விலைதான். கால் அளவை வகுப்பாசிரியர் எல்லாப் பிள்ளைகளிடமும் எடுக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா