சுவரில் பால் வெட்டிய ராத்திரி

கேள்வி: என் வீட்டுக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். பதினெட்டு வருடக் குடி. போன தவக்காலத்தில் 'நாற்பது நாளும் தொடமாட்டேன்' என்று அவராகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து, சுவரில் பால் வெட்டுகிற மாதிரி கையை ஓட்டினார். 'சிரட்டையை எடு' என்று என்னை அதட்டினார். செய்வினை என்றார் மாமியார். பயந்துபோய் மறுபடி குடிக்க விட்டுவிட்டோம். இப்போது என் தம்பி ஒரு குடிமீட்பு மையத்தில் பேசியிருக்கிறான். ராத்திரி வண்டியோடு வந்து அவர்களே தூக்கிப் போவார்களாம். மூன்று மாதம் பார்க்க விடமாட்டார்களாம். சம்மதிக்கலாமா?

பதில்: சகோதரி, வண்டி வேண்டாம். ஏன் என்பதற்கு அந்த ராத்திரியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டி நான்காம் நாள் வரைக்கும் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். டாக்டர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். அந்த மயக்கத்தில் சிலர் தங்கள் தொழிலையே செய்து காட்டுவார்கள்: டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து கியர் மாற்றுவார், தையல்காரர் போர்வையைத் தைப்பார். உங்கள் வீட்டுக்காரர் சுவரில் பால் வெட்டினார், அவ்வளவுதான். மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இது உயிருக்கே ஆபத்தான நிலை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும். அதனால் இனி வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாள் வரை வழக்கம்போலக் குடித்தாலும் போகட்டும். இதை எழுத எனக்கே கூச்சம்தான், என்றாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இடையில் வலிப்போ உளறலோ வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். உள்நோயாளியாகச் சேர்ந்தால், வலிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். ஆள் சோர்ந்தால் பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம்ம ஊர் வழக்கம். தயாமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே எவ்வளவு குடிக்கிறார் என்பதை நர்ஸிடம் உள்ளபடியே சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒரு குவார்ட்டரைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும்.

இனி தம்பியின் யோசனை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறுகளும் அடங்கும். முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேரலாம், கேட்டால் வெளியே வரலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று டாக்டர் நினைத்தால் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்துப் பரிசோதிக்கலாம். நோயின் கடுமையால் முடிவெடுக்க முடியாதவரை, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகே சேர்க்க முடியும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். வெளியே போன் பேசவும் பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு. சங்கிலி கட்டுவதற்கு முழுத் தடை. 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

தனியார் மையம்தான் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார், ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

'தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்' என்று யாராவது பொடி தருவார்கள். அதில் டைசல்ஃபிரம் என்ற குடி நிறுத்தும் மருந்து இருந்து, அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். வேண்டவே வேண்டாம்.

தவக்காலத்தில் அவராகவே நிறுத்திய ஆள் இல்லையா? நிறுத்தும் ஆசை அவரிடம் இருக்கிறது. வெட்டு முடிந்து, பாலையும் ஊற்றிவிட்டு, இன்னும் குடிக்காமல் இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். 'அன்று சுவரில் பால் வெட்டினீங்க, நான் பயந்துட்டேன்' என்று சொல்லுங்கள், போதும். பேச்சு வராவிட்டால் அதற்கு முன்பே 14416-இல் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், இலவசம்.

திரும்பி வந்த பிறகு முதல் சில மாதங்கள்தான் கஷ்டம். மழையில் வெட்டு நின்று கை சும்மா இருக்கும் நாட்களுக்கு இப்போதே ஏதாவது வேலை பார்த்து வையுங்கள். தம்பியிடம் இன்றைக்கே அந்த வண்டி வேண்டாமென்று போன் பண்ணச் சொல்லுங்கள்.