வலது சிறுநீரகத்தை எடுத்த சுண்டெலிகளில் இடது பக்க எடை கூடியது பற்றி

இடது சிறுநீரக உறைக்கடியில் ரென்கா செல்களை (சுண்டெலியின் சிறுநீரகப் புற்றுநோய்ச் செல்கள்) செலுத்தி, அன்றே வலதை எடுத்திருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் இடது பக்கம் கனத்துவிட்டது, கட்டி வேகமாக வளர்ந்ததாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எழுதாதீர்கள்.

ஒன்றை எடுத்தால் மற்றது தானாகவே பருக்கும். சில வாரங்களில் எடை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுவது சாதாரணம். வளர்ந்த விலங்கில் இது பெரும்பாலும் அண்மைக் குழலின் (வடிகட்டிய நீர் முதலில் செல்லும் நுண்குழல்) செல்கள் ஒவ்வொன்றும் அளவில் பெருப்பதால் வருகிறது, செல்களின் எண்ணிக்கை கூடுவது குறைவு. நீங்கள் தராசில் வைத்தது கட்டியும் பருத்த சிறுநீரகமும் சேர்ந்த எடை. கட்டி செலுத்தாமல் வலதை மட்டும் எடுத்த குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

சிறுநீரகத்தை முழுவதும் சீரான இடைவெளியில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் கட்டியின் பரப்பை மட்டும் அளந்து கனஅளவைக் கணக்கிடுங்கள். கி-67 (பிரிந்து பெருகும் செல்களைக் காட்டும் புரதம்) உள்ள செல்களை எண்ணும்போது கட்டியின் விளிம்பை ஒட்டிய குழல் செல்களைச் சேர்த்துவிடாதீர்கள். அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள் அவையும் பிரிந்து பெருகும்.

வலதை எடுக்காத ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் மயக்க மருந்து போதாது. அதே கீறல், அதே நேரம், வலதை வெளியே எடுத்துக் கொழுப்பை நீக்கி மீண்டும் உள்ளே வைக்க வேண்டும். வலதை எடுத்த விலங்குகளில் அதன் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கூடவே வந்துவிட்டதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் ஹார்மோன் மாற்றமும் கணக்கில் கலந்துவிடும், அந்த விலங்கை விலக்குங்கள்.

வலதை எடுத்த இன்னொரு குழுவில் அதே செல்களைத் தோலடியில் செலுத்திப் பாருங்கள். அங்கேயும் கட்டி வேகமாக வளர்ந்தால் இரத்தத்தில் சுற்றும் வளர்ச்சிக் காரணியைச் சந்தேகிக்கலாம். சிறுநீரகத்தில் மட்டும் என்றால் கூடிய இரத்த ஓட்டம் போன்ற உள்ளூர்ச் சூழலைத் தேடுங்கள்.