இரண்டாம் ஓட்டத்தில் இருந்து தொடங்குங்கள், ரீச்சர்

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் குடும்பம் சுவிஸில், பேர்ண் பக்கம். பதினொரு வயதுப் பேரனுக்கு ஸ்கீ, அதுதான் பனிச்சறுக்கு, என்றால் உயிர். வாட்ஸ்அப்பில் வந்தால் சுவிஸ் வீரர் ஒடர்மாட் வென்றார், நூறு புள்ளி எடுத்தார் என்று அதே கதைதான். நானும் ஒரு நாள் இருந்து பார்த்தேன். ஒவ்வொருவராக மலையில் இருந்து வழுக்கி வருகிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள். யார் முந்தினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே எத்தனை மணிக்குப் பார்ப்பது? வரும் தையில் அங்கே போகிறேன். பேரனோடு எந்தப் போட்டிக்குப் போகலாம்?

பதில்: ரீச்சர், நீங்கள் பார்த்தது அநேகமாக ஏதோ ஒரு முதலாவது ஓட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கும். அதில் போய் உட்கார்ந்தால் யாருக்குமே விளங்காது.

இந்தப் போட்டிகளில் நாலு வகை உண்டு. டவுன்ஹில், சூப்பர் ஜி இரண்டும் வேகத்துக்கானவை. ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். ஜயண்ட் ஸ்லாலம், ஸ்லாலம் இரண்டும் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து வருவது. இவற்றில் ஒரே நாளில் இரண்டு ஓட்டம், இரண்டின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஜயண்ட் ஸ்லாலத்தின் இரண்டாம் ஓட்டத்தை மட்டும் பாருங்கள்.

காரணம் இதுதான். முதல் ஓட்டத்தில் முதல் 30 இடங்களுக்குள் வந்தவர்கள்தான் இரண்டாவதற்கு வரலாம். வருவதும் தலைகீழாக: 30ஆவது ஆள் முதலில், முன்னணியில் நிற்பவர் கடைசியில். கீழே வந்தவர்களில் யாருடைய கூட்டு நேரம் குறைவோ, அவர் ஒரு கதிரையில் போய் இருப்பார். அடுத்தவர் அதை முறியடித்தால் எழும்பிவிட வேண்டும். ஆகவே நீங்கள் முப்பது பேரை ஒப்பிடத் தேவையில்லை. கதிரையில் இருப்பவர் எழும்புவாரா, மாட்டாரா? அதை மட்டும் பாருங்கள்.

2024 மாசியில் பிரான்ஸின் ஷமோனியில் நடந்த ஸ்லாலத்தில் சுவிஸ்காரர் டானியல் யூல் முதல் ஓட்டத்தில் சரியாக 30ஆவது இடம். மயிரிழையில் தப்பியவர். இரண்டாம் ஓட்டத்தில் முதல் ஆளாக இறங்கி, கதிரையில் இருந்தார். பின்னால் வந்த 29 பேராலும் அவரை எழுப்ப முடியவில்லை. அன்று வெயில். விதைப்புக் காலத்து வயல் வரம்பை நினைத்துப் பாருங்கள். முதலில் நடக்கிறவருக்குக் கால் புதையாது, இருபதாவது ஆள் வரும்போது அது சேறு. பனியும் அப்படித்தான், வெயிலில் இளகினால் ஒவ்வொருவர் இறங்க இறங்கக் கிளறுப்படும். அதற்காகத்தான் போட்டிக்கு முன்பே பனிக்குத் தண்ணீர் விட்டு ஐஸ்போல இறுக்கப் பார்ப்பார்கள். உங்கள் பேரனுக்கு இந்தக் கதை தெரியாமல் இராது. நீங்கள் சொன்னால் ஆச்சரியப்படுவான்!

யார் முந்துகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. திரையின் மூலையில் இலக்கங்களைப் பாருங்கள். வழியில் சில இடங்களில் நேரம் எடுப்பார்கள். பச்சை நிறத்தில், கழித்தல் குறியோடு வந்தால் கதிரையில் இருப்பவரைவிட முன்னே. சிவப்பு என்றால் பின்னே. கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு வரை போகும். மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நூறில் ஒரு பங்கு நொடி என்றால் தூரம் ஏறக்குறைய ஓர் அடிதான்.

சரி, பேரனின் நூறு புள்ளி. உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60, அப்படியே குறைந்து 30ஆவது ஆளுக்கு 1. பருவம் முழுவதும் கூட்டி அதிகம் வைத்திருப்பவருக்குப் பெரிய கண்ணாடிக் கோளம். வகைக்கு ஒவ்வொரு சின்னக் கோளமும் உண்டு. ஒடர்மாட் 2022 தொடங்கி 2025 வரை நாலு வருடமும் பெரியதை எடுத்தவர். 2023இல் 2,042 புள்ளி சேர்த்து, ஒஸ்ரியாவின் ஹெர்மன் மையர் 2000ஆம் ஆண்டில் வைத்த 2,000 புள்ளிச் சாதனையை முறியடித்தார்.

பருவம் நம் பெரும்போகம் மாதிரி. விதைப்பு நேரம், ஐப்பசிக் கடைசியில், ஒஸ்ரியாவின் ஸோல்டனில் தொடங்கி, அறுவடை முடியும் பங்குனியோடு முடியும். விளைச்சல் போலவே இதையும் மழை, காற்று, மூடுபனி கெடுக்கும். 2011இல் சுவிஸின் லென்சர்ஹைடவில் பெண்கள் பருவத்தின் கடைசிப் போட்டி காலநிலையால் கைவிடப்பட்டது. அப்போது ஜேர்மனியின் மரியா றீஷ், அமெரிக்காவின் லின்ட்சி வோனைவிட வெறும் 3 புள்ளி கூட. முந்திய மூன்று வருடமும் கோளம் எடுத்த வோனுக்குக் கடைசியாக ஒருதரம் இறங்கிப் பார்க்கவும் வாய்ப்பில்லை. வயல் செய்கிறவர்களுக்கு அந்த வலி விளங்கும்.

நேரம் சுலபம். மத்திய ஐரோப்பிய நேரத்தோடு குளிர்காலத்தில் 4½ மணித்தியாலம் கூட்டுங்கள். ஜயண்ட் ஸ்லாலம் பெரும்பாலும் அங்கே காலை 10, பகல் 1 மணியை ஒட்டி. நமக்குப் பின்னேரம் 2.30, 5.30. விளக்கு வைக்கும் நேரத்தை ஒட்டி இரண்டாம் ஓட்டம் முடிந்துவிடும். ஸோல்டனில் மட்டும் கவனம். வழக்கமாக அந்த வார இறுதியில்தான் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், ஆகவே சனிக்கு 3½, ஞாயிறுக்கு 4½. அமெரிக்க மலைகளில் காலையில் நடப்பது இங்கே நள்ளிரவை ஒட்டி வரும், அதை விட்டுவிடுங்கள். மாரி மழையில் இணையம் இழுபட்டால், சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தளத்தில் நேரக்கணக்கு மட்டும் எழுத்தாக ஓடும். டேட்டாவும் அதிகம் தின்னாது.

இனி நேரில் போவது. தைப்பொங்கலை ஒட்டிய இரண்டு வார இறுதிகளில், பேர்ண் மாநிலத்திலேயே அடெல்போடன், வெங்கன் என்று அடுத்தடுத்து இரண்டு. எல்லாரும் வெங்கனுக்குத்தான் இழுப்பார்கள். அதன் டவுன்ஹில் பாதை ஏறத்தாழ 4½ கிலோமீற்றர், உலகக் கிண்ணத்திலேயே நீளமானது. 2013இல் அங்கேதான் பிரான்ஸின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீற்றர் ஓடினார். ஆனால் நீளம்தான் கரைச்சலும். நான் ஒருமுறை அங்கே நின்றேன். ஆளுக்கு ஒரு துண்டுதான் கண்ணில் பட்டது, மீதியைப் பெரிய திரையில் பார்த்தேன். திரையில் பார்க்க வீடு போதுமே என்று கால் விறைத்த பிறகுதான் யோசித்தேன்.

அடெல்போடனுக்குப் போங்கள். அங்கே ஜயண்ட் ஸ்லாலம். கடைசிச் சரிவு சுவர்போல முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது, கீழே நின்றே நன்றாகத் தெரியும். ஒடர்மாட் 2022 முதல் 2025 வரை அங்கே தொடர்ந்து வென்றார். பேரனுக்கு வேறென்ன வேண்டும்? மகளிடம் ரிக்கெற்றை நேரத்தோடே எடுக்கச் சொல்லுங்கள். தடித்த அடியுள்ள சப்பாத்து, உள்ளே கம்பளிக் காலுறை இரண்டு சோடி. நிற்பது பனிமேல், குளிர் காலில்தான் முதலில் ஏறும்.

இன்னொன்று. அங்கே கூட்டம் மாட்டு மணி அடித்துத்தான் ஆரவாரிக்கும். படுவான்கரையில் மாடு வளர்க்கும் ஆள் யாரையும் தெரிந்தால், ஒரு மணி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.