மலை ஏறி நின்றதும் கேட்கும் டேப்பட் சத்தம்

கேள்வி: என் டீசல் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்கும் சத்தம் சில நொடிகளில் அடங்கிவிடும். இப்போது ஏற்காடு ஏறி, ஏரி அருகே நெரிசலில் நிற்கும்போதும் அதே சத்தம் வருகிறது. ஆயில் விளக்கு எரியவில்லை. ஹைட்ராலிக் லிஃப்டர் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லிஃப்டர் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

டேப்பட் என்றும் சொல்லப்படும் லிஃப்டர், இன்ஜின் ஆயிலை உள்ளே நிரப்பிக்கொண்டு வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறது. இரவு முழுவதும் வண்டி நிற்கையில், திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகளின் ஸ்பிரிங் அழுத்தத்தால் அந்த ஆயில் சிறிது கசிந்து இறங்கும். மறுபடி நிரம்பும்வரை கேட்கும் காலைச் சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம்.

மலையில் வருவது வேறு. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாழ்ந்த கியரில் ஏறி முடிக்கும்போது ஆயில் சூடேறி இளகியிருக்கும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுழல்வதால் ஆயில் பிரஷர் மிகவும் இறங்குவது அப்போதுதான். விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடைய முடியாது; பிரஷர் அபாய அளவுக்கு விழுந்த பிறகே அது எரியும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் அளக்கும் கேஜைப் பொருத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் புது லிஃப்டர் போட்டாலும் சத்தம் திரும்பிவிடும். பம்ப்பையும் பேரிங்குகளையும் பார்த்தாக வேண்டும்.

அதற்கும் முன்னதாக ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும். அதிகமாக இருந்தால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறி, டீசல் வாடையும் அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தட்டலையும் பலர் லிஃப்டர் சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு சிலிண்டராக எரிபொருளை நிறுத்தும்போது சத்தம் மாறினால், இன்ஜெக்டரையோ கீழேயுள்ள பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். மாறாவிட்டால் வால்வுப் பக்கம். பழைய வண்டிகளில் செய்ததுபோல, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்த யாரையும் விடாதீர்கள். 1000 பாருக்கும் மேல் போகக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் லிஃப்டர்களைக் கழற்றலாம். ஆயில் நிறைந்த நல்ல லிஃப்டரைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது, அமுங்குவதை மாற்றுங்கள். கழற்றியவற்றை வரிசை மாறாமல் வைத்து, கேமின் தேய்மானத்தையும் உங்கள் முன்னிலையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.